சம்சாரம் என்ற சொல்லுக்கு நான் அர்த்தம் போட்ட கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் ஆய்வு மையத்தின் இயக்குநர் கேட்டார். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. ஓய்வு பெற்ற அன்றே நூலகப் புத்தகங்களோடு சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு தவறு வேண்டுமானால் இருக்கிறது. நானே செய்தது, நயம் சரக்கு. அதைச் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்துப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணாவும் மன்னியும் இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு, இந்த மையத்தில் பாலினமும் பாலியல்பும் பற்றி இருபத்துச் சொச்சம் வருஷம் பாடம் நடத்தினேன். என் காலத்தில் மையத்தின் பெயர் நான்கு முறை மாறியது. கடைசியில் ‘குயர் ஸ்டடீஸ்’ என்று பலகை எழுதி மாட்டியபோது, பலகை எழுதுகிறவர் இறங்கி வந்து, இதில் ஏதாவது எழுத்துப் பிழையா என்று என்னிடம் அக்கறையாகக் கேட்டார்.

அன்று சாயங்காலம் மன்னி அடுப்படியிலிருந்தே கேட்டாள். “என்னடி, புதுசா என்னமோ டிபார்ட்மென்ட்டாமே? எதிராத்து மாமி கேக்கறா.”

“குயர் ஸ்டடீஸ், மன்னி.”

“ஓ, கொயரா? கயிறு! நல்லதாப் போச்சு. இந்த ஊர்ல அதுக்குத்தானே மதிப்பு.”

திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு வாய் காப்பியை விட்டுக்கொண்டு மூடிவிட்டேன். துறையின் பெயர் புரிந்தால் அடுத்த கேள்வி என்னைப் பற்றி வரும். அதற்கு நான் தயாராக இல்லை. மறுவாரமே எதிராத்து மாமி, “ஒனக்குத்தான் நல்லதாப் பாத்து வாங்கத் தெரியுமே, வாசலுக்கு ஒரு மிதியடி கொண்டு வாயேன்” என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்துக் கோடி வீடு. இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதி வாசலில் நான் வாங்கிக் கொடுத்த கயிற்று மிதியடிதான் கிடக்கிறது. என் ஆராய்ச்சியால் சமூகத்துக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால் அங்கே போய்க் காலைத் துடைத்துக்கொள்ளலாம்.

இதை ஏன் சொன்னேன் என்பது பின்னால் புரியும்.

ஜிஷா என்று எனக்கு ஓர் ஆய்வு மாணவி. மலையாளப் பெண்; வித்துராவிலிருந்து பஸ் பிடித்து வருவாள். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில், ஒரே அறையில் பல வருஷம் சேர்ந்து வாழும் ஆண்களைப் பற்றி அவளுடைய ஆய்வு. தமிழைச் சினிமா பார்த்தே கற்றவள். இருந்தாலும் அவளிடம் யாரும் எதையும் சொல்வார்கள். முகம் அப்படி.

கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வடை மாஸ்டராக இருந்த ஒருவரைப் பேட்டி கண்டுவந்தாள். மாஸ்டருக்குத் தென்காசிப் பக்கம். அவரும், விழிஞ்ஞம் துறைமுக வேலைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகும் இன்னொருவரும் கரமனையில் ஒரு வீட்டு மாடியறையில் பதினோரு வருஷமாக இருந்தார்கள். பேட்டியில் மாஸ்டர் சொன்ன ஒரு வாக்கியம் இது: “ஊருல யாரு கூடயும் நமக்கு ஒட்டு உறவு கெடையாது. இங்க வந்த பெறகு நமக்கு சம்சாரம்னா அவன்தான்.”

ஜிஷா அதை ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘எனக்குப் பேச்சு என்றால் அவனோடுதான்’ என்ற பொருளில் எழுதியிருந்தாள். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

“ஐயோ பெண்ணே, தமிழ்ல சம்சாரம்னா பெண்டாட்டி. எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கார், நீ பேச்சுங்கறே!”

ஜிஷா தயங்கினாள். “இல்ல டீச்சரே, எனக்கொரு சம்சயம். அவர் இங்க வந்து எத்தற வருஷமாச்சு! மலையாளம் கலந்தல்லே பேசறது? ஒண்ணு அவர்கிட்டயே சோதிச்சாலோ?”

அவரிடமே கேட்டுவிடலாமே என்கிறாள். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள். நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. “ஜிஷா, இது என் தாய்மொழி.”

தாய்மொழித் திமிருக்கு மருந்து கிடையாது. ‘மனைவி’ என்று அடித்துத் திருத்தினேன். கட்டுரையின் தலைப்பும் அந்த வாக்கியமாகவே ஆயிற்று. தலைப்புக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து, யாருக்கும் புரியாத ஒரு வால் சேர்த்தோம். நம் துறையில் முக்காற்புள்ளி இல்லாத தலைப்பு, தாலி இல்லாத கல்யாணம் மாதிரி; செல்லும், ஆனால் சபையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மையத்தில் அந்த வாக்கியத்துக்குப் பெரிய வரவேற்பு. மலையாளத் துறையிலிருந்து வந்தவர் அது பேச்சுதான் என்றார். பேச்சே உறவு என்று ஒரு கட்டுரை எழுதினார். சமூகவியல்காரர் என் பக்கம்; மனைவி என்று வைத்துக் குடும்ப அமைப்பைப் பற்றி ஒன்று எழுதினார். தத்துவத்தில் ஒருவர், சம்சாரம் என்பது பிறவிச் சுழல், தொழிலாளி இங்கே மோட்சத்தைத்தான் மறுக்கிறார் என்றார். வடை போடுகிறவர் ஒரு வாக்கியம் சொன்னார். நாங்கள் எங்கள் கட்டுரையையும் சேர்த்து நான்கு கட்டுரை எழுதினோம். பல துறைகள் கூடிச் செய்யும் ஆய்வு என்பது இதுதான். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. புரியாததால் சண்டையும் வராது. நாங்கள் கூடும் மேஜையைச் சுற்றி ஆறு டாக்டர் பட்டங்கள் இருந்தன. அங்கிருந்து கிழக்கேகோட்டைக்கு இருபது நிமிஷ பஸ். ஒருவரும் ஏறவில்லை.

மாஸ்டரின் சம்மதம் வாங்கினோமா என்று கேட்பீர்கள். வாங்காமல் இருப்போமா? நான்கு பக்கப் படிவம். ஆங்கிலத்தில் அச்சடித்து, மலையாளத்தில் விளக்கி, தமிழில் கையெழுத்து வாங்கினோம்.

மையத்தின் முதல் தொகுப்பு நூலில் எங்கள் கட்டுரைதான் மணிமகுடம். வெள்ளிக்கிழமை துணைவேந்தர் வெளியிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையாளப் பத்திரிகை எங்கள் கட்டுரையின் பகுதியை மொழிபெயர்த்துப் போடுகிறது. வெண்ணெய் திரண்டு வந்தாயிற்று. தாழி புதன்கிழமை காலை உடைந்தது.

உடைத்தவர் எங்கள் செக்‌ஷன் ஆபீசர். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய நூலில் ஒரு பிரதியைச் சரிபார்க்க எடுத்தவர், விரலை உள்ளே வைத்தபடியே என் அறைக்கு வந்தார். என்னிடம் மட்டும் தமிழ் என்று நினைத்து ஒரு பாஷை பேசுவார்.

“டீச்சரே, இந்தாளு கிழக்கேகோட்டையில வடை போடுற ஆளல்லே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பேரே போடலையே சார். எப்படித் தெரிஞ்சது?”

“பேர் எதுக்கு? இடது காது பாதி இல்லா. தென்காசிக்காரன். வடையில இஞ்சி கூடுதல். பின்ன வேற ஆரா? நான் தினமும் நாலு மணிக்கு அங்கயல்லே சாயா குடிக்கிறது.”

உண்மைதான். பெயரை மறைத்துவிட்டு, ஆளை அங்குலம் அங்குலமாக எழுதியிருந்தோம். செறிவான விவரிப்பு என்று அதற்குப் பெயர். செறிவுக்காக ஜிஷாவை நானே மூன்று முறை விரட்டியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மேலே கருவேப்பிலையும் தூவி வைத்திருந்தோம்.

ஆபீசர் இன்னும் நின்றார். “இன்னொண்ணு டீச்சரே. கரமனையில அவங்க தாமசிக்கிற வீடு என் பாரியையோட சித்தப்பன் வீடாக்கும். சித்தப்பன் ஆளு பாவம்தான். பக்ஷே, ஞாயிற்றுக்கிழமை பத்திரம் வந்தா மரண அறிவிப்புலேர்ந்து மாப்பிள்ளை வேணும் விளம்பரம் வரைக்கும் ஒண்ணும் விடாது. பெண்டாட்டின்னு வாசிச்சா, அன்னைக்கே ரூம் காலியாக்கணும்னு சொல்லும்.”

ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சட்டம் மாறி வெகுநாளாகியிருந்தது. அதற்கு நாங்கள் கேக் வெட்டியிருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கேக்கில் யாரும் துண்டு கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபீசர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, இதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். என் பெயரில் வந்தவற்றில் நல்ல கட்டுரை அதுதான். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஜிஷாவின் ஆய்வேட்டுக்கு அந்தக் கட்டுரை தேவை. சித்தப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எங்காவது போகக் கூடாதா என்றுகூட நினைத்தேன். படித்த மூளைக்கு இப்படியெல்லாம் ஓடத் தெரியும். ஓடி முடித்து நின்றபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஜிஷாவைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹோட்டலின் பின்கட்டில் மாஸ்டர் முதல் ஈடு போட மாவைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜிஷா என்னை அறிமுகம் செய்தாள். நான் ஏதோ முன்னுரை சொல்லப் போனேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“டீச்சருக்கு வலியசாலையா? பேச்சுலயே தெரியுது.”

நான் விஷயத்தைச் சொன்னேன். புத்தகம், பத்திரிகை, சித்தப்பா எல்லாவற்றையும். அவருடைய வாக்கியத்தை வாசித்தும் காட்டினேன்.

“சம்சாரத்துக்கு என்னன்னு எழுதியிருக்கிய?”

“பெண்டாட்டின்னு.”

அவர் அடுப்பைச் சின்னதாக்கினார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

“அதை நான் வாய் தவறிச் சொல்லல டீச்சர். வீட்டுக்கார சேட்டன் கேட்டார்னா, ‘நமக்கு சம்சாரம்னா அவன்தான் சேட்டா’ம்பேன். பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேணும்லான்னு தலையாட்டிக்கிடுவாரு. கடையில நம்மூர்ப் பயலுவ கேட்டானுவன்னாலும் அதையேதான் சொல்லுவேன். கேலி பண்ணுதேன்னு சிரிச்சிட்டுப் போயிருவானுவ. ரெண்டு பேருக்கும் ஒரே பதில். பொய்யும் கெடையாது. பதினோரு வருசமா அந்த ஒத்த வார்த்தைக்குள்ளதான் நாங்க குடியிருக்கோம். கரமனையில இருக்கது சும்மா படுத்து எந்திரிக்கிற எடம்.”

மாவை ஒருமுறை கிண்டிவிட்டார்.

“நீங்க அதுக்கு அர்த்தம் போட்டுட்டிய.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் தெருவில் கிடக்கும் மிதியடிகள்தான். மன்னி கயிறு என்று கேட்ட ஒரு வார்த்தைக்குள் பத்துப் பதினைந்து வருஷமாக ஒளிந்துகொண்டிருந்தவள் நான். அந்தத் தந்திரம் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? என் மிதியடியை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. நான் இவருடையதைப் புரட்டி, அச்சடித்து, துணைவேந்தர் கையில் கொடுக்கப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஜிஷா அழுதுகொண்டே, “பின்ன ஏன் அண்ணா அந்தப் படிவத்துல ஒப்பமிட்டீங்க?” என்று கேட்டாள்.

“நீ வெயில்ல நின்னுட்டிருந்தியேம்மா” என்றார் அவர்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். கட்டுரையை எழுதுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. “அந்த ரூம் போவாமப் பாத்துக்கிடுங்க. அவனுக்கு எடம் மாறுனா உறக்கம் வராது” என்றார். பிறகு முதல் ஈட்டில் ஆளுக்கு இரண்டு வடை வைத்தார். இஞ்சி கூடுதல்தான்.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம். கட்டுரையை எடுத்துவிட வேண்டும் என்றேன். அப்போதைய இயக்குநர், அச்சாகி வந்த நூலில் எதை எடுப்பது என்றார். பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாம் என்றார் சமூகவியல்காரர்: ‘மனைவி என்ற இடங்களில் பேச்சு என்று வாசிக்கவும்’. வாசிக்காதவனையும் வாசிக்க வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. தத்துவக்காரர் கண் மின்னியது. இந்தத் தர்மசங்கடத்தையே பொருளாக வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டுரை எழுதலாமே என்றார். மையத்தில் கோபித்துக்கொள்ளாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அன்றோடு போயிற்று.

ஜிஷா எழுந்தாள். கூட்டத்தில் அவளுக்குப் பேச உரிமை கிடையாது. தண்ணீர் கொடுக்க வந்தவள். “என் பேரிலயும் உள்ள கட்டுரையல்லே? எனக்கு வேண்டா” என்றாள். அது இல்லாமல் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்த மேஜையில் அன்றைக்கு இழப்பதற்கு ஏதாவது இருந்த ஒரே ஆள் அவள்தான். முடிவெடுத்ததும் அவள்தான். நான் பேராசிரியை என்ற முறையில் வழிமொழிந்தேன்.

மற்ற மூவரின் கட்டுரைகள் அடுத்த தொகுப்புக்காக வைக்கப்பட்டிருந்தன. அவற்றையும் அங்கேயே திரும்ப வாங்கினேன். தத்துவக்காரர் கடைசி வரை மோட்சத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருந்தார்.

செக்‌ஷன் ஆபீசர் எங்கிருந்தோ இரும்பு ஸ்கேலும் மூன்று பிளேடும் கொண்டுவந்தார். அவர், ஜிஷா, நான் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலிருந்தும் நாற்பத்தொன்றாம் பக்கம் முதல் ஐம்பத்தெட்டு வரை அறுத்தெடுத்தோம். என் கட்டுரையை நானே இவ்வளவு கூர்மையாகக் கையாண்டது அதுதான் முதல் முறை. பத்திரிகைக்குப் போன் செய்து பகுதியை நிறுத்தினேன். ஞாயிறு பக்கம் காலியாக இருக்கிறது, வேறு ஏதாவது தாருங்கள் என்றார்கள். வலியசாலையில் நவராத்திரி கொலு எப்படி வைப்போம் என்று ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். அது வந்த அன்று மன்னி தெரு முழுக்கக் காட்டினாள். “இப்பத்தான் உருப்படியா ஏதோ எழுதியிருக்கா” என்றாள்.

துணைவேந்தர் நூலை வெளியிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் ரசித்துப் படித்ததாகச் சொன்னார். நாற்பதுக்குப் பிறகு ஐம்பத்தொன்பது வருவது இன்றுவரை எவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு மதிப்புரைகள் வந்தன. பொருளடக்கப் பக்கத்தை அறுக்க நாங்கள் மறந்திருந்தோம். வெறும் தலைப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் பிழைத்தோம். ஒரு மதிப்புரை, நூலிலேயே ஆகச் சிறந்தது என்று எங்கள் கட்டுரையைத்தான் புகழ்ந்திருந்தது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டு அது. இல்லாத கட்டுரைக்கு.

ஜிஷாவுக்கு ஆய்வேட்டை முடிக்க இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது வேறோர் ஊரில் பாடம் நடத்துகிறாள். தன் மாணவர்களின் எழுத்தில் செறிவு கூடினால் அடித்துவிடுகிறாளாம்.

இதைப் படித்துவிட்டு உங்களில் இரண்டு பேராவது நாளை நாலு மணிக்குக் கிழக்கேகோட்டைக்குப் போய் வடை தின்றுகொண்டே ஒவ்வொருவர் காதையும் பார்ப்பீர்கள். நானும் உங்கள் வயதில் இருந்தவள்தானே. அதனால் சொல்கிறேன்: காது அல்ல, தென்காசி அல்ல, வடையும் அல்ல. ஹோட்டலா என்பதே சந்தேகம். கரமனையும் சித்தப்பாவும்கூட நான் வைத்தவை. தெருத்தெருவாக அலையாதீர்கள். சம்சாரம் என்ற சொல் மட்டும் நிஜம். அதைச் சொல்வதால் இனி யாருக்கும் கெடுதல் இல்லை. ஏன் என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் தனியாக அங்கே போனேன். அறை போகவில்லை. மாஸ்டர் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்.

“அந்த வார்த்தையை விட்டுட்டோம் டீச்சர்.”

“ஏன்? புத்தகத்துலதான் கட்டுரையே இல்லையே. ஒருத்தருக்கும் தெரியாதே.”

“எங்களுக்குத் தெரியுமே. நீங்க அர்த்தம் சொன்ன பெறகு, அதைச் சொல்ல வாய் வர மாட்டேங்கு. சொல்லும்போதெல்லாம் யாரோ எழுதிக்கிடுதாவன்னு ஒரு நெனப்பு.”

பக்கங்களை அறுத்துவிட்டோம் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். அறுக்க முடியாத இடத்தில் அது முன்பே அச்சாகியிருந்தது.

அப்போது விழிஞ்ஞம் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கடை வாசலில் நின்றார். முழங்கை வரை வெள்ளைப் பெயிண்ட். மாஸ்டர் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். ஒரே வார்த்தை. கல்லாவில் இருந்த மலையாளி அதை ஒரு விதமாகக் கேட்டுத் தலையாட்டினார். வாழையிலை கொண்டுவந்த தமிழர் வேறு விதமாகக் கேட்டுச் சிரித்தார். வாசலில் நின்றவர் மூன்றாவது விதமாகக் கேட்டு, முகம் மலர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்தார்.

எனக்கு மூன்றுமே புரிந்தது. கைப்பையில் பேனா இருந்தது. நான் வடையைத் தின்று முடித்து, கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

என்ன வார்த்தை என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள். மிதியடி வேண்டுமானால் கேளுங்கள், நல்ல கயிறாகப் பார்த்து வாங்கித் தருகிறேன்.